ஆங்கிலத் துணைவினைகள்: தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் காதில் வீட்டில் தமிழும், கடைத்தெருவில் மலாயும், பள்ளியில் அவ்விரண்டோடு ஆங்கிலமும் நாள்தோறும் விழுகின்றன. ஆகவே ஆங்கிலச் சொற்களுக்கு நம்மிடம் பஞ்சம் இல்லை. அப்படியிருந்தும், தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டும் இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டும் ஆங்கிலம் படித்து எஸ்.பி.எம். தேர்வை முடித்தவர்கள்கூட, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போதோ அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதும்போதோ தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் பெரும்பாலும் பிறப்பது, முதன்மை வினைக்கு முன்னால் நிற்கும் 'இஸ்', 'ஹேஸ்', 'டிட்', 'வுட்' போன்ற சின்னஞ்சிறு துணைவினைகளில்தான்.

ஆங்கில வாக்கியத்தில் காலத்தைக் காட்டுவது, மறுப்பது, கேட்பது, பணிவாகச் சொல்வது ஆகிய எல்லாவற்றிலும் முதல் துணைவினைக்குப் பங்கு உண்டு. அதைக் கண்டுபிடித்து ஆளத் தெரிந்துகொண்டவர், பன்னிரண்டு காலங்களின் அட்டவணையைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இவ்வழிகாட்டி அந்த ஒரு திறனை நோக்கியே படிப்படியாகச் செல்கிறது. ஆங்கில எடுத்துக்காட்டுகள் ஒலிக்கும் விதமாகவே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றையும் முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ஒரு குறிப்பேட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டையும் செய்தால்தான் இலக்கணம் கையிலும் நாவிலும் படியும்.

முதற்படி: துணைவினையை இனங்காணுதல்

தமிழில் துணைவினை நமக்குப் புதியது அன்று. 'சமைத்துக்கொண்டிருக்கிறாள்', 'சமைத்திருக்கிறாள்', 'சமைக்க வேண்டும்' என்னும் வடிவங்களில் முதன்மை வினை முன்னால் வருகிறது. 'கொண்டிரு', 'இரு', 'வேண்டும்' ஆகியவை அதன் பின்னால் வந்து ஒட்டுகின்றன. மலாய் இதற்கு நேர்மாறானது. 'டியா செடாங் மாசாக்' என்றால் அவள் சமைத்துக்கொண்டிருக்கிறாள். 'டியா சூடா மாசாக்' என்றால் சமைத்துவிட்டாள். 'டியா ஆக்கான் மாசாக்' என்றால் சமைப்பாள். இங்கே உதவிச்சொல் வினைக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் ஆளுக்கேற்பவும் காலத்துக்கேற்பவும் உருமாறுவதில்லை.

ஆங்கிலம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. 'ஷீ இஸ் குக்கிங்' என்னும்போது, மலாயைப் போலத் துணைவினை முன்னால் வருகிறது. தமிழைப் போல ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுகிறது. நான் என்றால் 'ஏம்', அவள் என்றால் 'இஸ்', அவர்கள் என்றால் 'ஆர்', நேற்று என்றால் 'வாஸ்' அல்லது 'வேர்'. வரிசைக்கு மலாயையும் மாற்றத்துக்குத் தமிழையும் துணைக்கு அழைக்கக்கூடிய இந்த வசதி, மலேசியத் தமிழருக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. நம் வகுப்பறைகளில் இது போதிய அளவு பயன்படுத்தப்படுவதில்லை என்பது என் கருத்து.

ஆங்கிலத் துணைவினைகள் இரு கூட்டத்தைச் சேர்ந்தவை. முதல் கூட்டத்தில் 'பீ', 'ஹேவ்', 'டூ' என்னும் மூன்றும் அவற்றின் உருமாற்றங்களும் அடங்கும். இரண்டாம் கூட்டத்தில் 'கேன்', 'குட்', 'மே', 'மைட்', 'ஷல்', 'ஷுட்', 'வில்', 'வுட்', 'மஸ்ட்' என்னும் ஒன்பது உள்ளன. இவை எழுவாய் யாராக இருந்தாலும் மாறுவதில்லை. 'ஹீ கேன்ஸ்' என்று ஒரு வடிவமே கிடையாது. 'ஆட் டு', 'யூஸ்ட் டு' போன்ற சில இவற்றின் ஓரத்தில் நிற்பவை. தொடக்கத்தில் அவற்றை ஒதுக்கி வைத்தாலும் குறை இல்லை.

முதல் கூட்டத்தில் ஒரு குழப்பம் உண்டு. 'பீ', 'ஹேவ்', 'டூ' ஆகிய மூன்றும் துணைவினையாக வருவதோடு, தாமே முதன்மை வினையாகவும் வரும். 'ஷீ ஹேஸ் எ ஷாப்' என்றால் அவளிடம் ஒரு கடை இருக்கிறது. இங்கே 'ஹேஸ்' முதன்மை வினை. 'ஷீ ஹேஸ் குளோஸ்ட் தி ஷாப்' என்றால் அவள் கடையை மூடியிருக்கிறாள். இங்கே அது 'குளோஸ்ட்' என்பதற்குத் துணை. பின்னால் இன்னொரு வினை நிற்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் வேறுபாடு தெரிந்துவிடும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழில் 'அவர் ஆசிரியர்' என்று வினையே இல்லாமல் வாக்கியம் முடிந்துவிடும். மலாயிலும் 'டியா குரு' என்றால் போதும். நாம் அறிந்த இரண்டு மொழிகளும் ஒரே திசையில் இழுப்பதால், 'ஹீ டீச்சர்' என்று ஆங்கிலத்திலும் சொல்ல நேர்கிறது. ஆங்கிலம் வினையில்லா வாக்கியத்தை ஏற்பதில்லை. 'ஹீ இஸ் எ டீச்சர்' என்றே சொல்ல வேண்டும். இங்கே 'இஸ்' முதன்மை வினைதான் என்றாலும், கேள்வியிலும் மறுப்பிலும் துணைவினையைப் போலவே நடந்துகொள்கிறது.

இரண்டாம் படி: துணைவினை தனக்கு அடுத்த சொல்லை ஆளும் முறை

ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்து வரும் வினையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. இதற்கு நான்கு விதிகள் போதும். ஒன்பது சொற்கள் கொண்ட இரண்டாம் கூட்டத்துக்கும் 'டூ', 'டஸ்', 'டிட்' ஆகியவற்றுக்கும் பின்னால், 'கோ' போன்ற வினையின் அடிவடிவம் வரும். 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' ஆகியவற்றுக்குப் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம், அதாவது 'கோ', 'வென்ட்', 'கான்' என்னும் வரிசையில் 'கான்', வரும். 'பீ' குடும்பத்துக்குப் பின்னால் செயல் நடந்துகொண்டிருந்தால் 'இங்' வடிவம் வரும். அதே 'பீ' குடும்பம் செயப்பாட்டு வினையைக் காட்டினால் பின்னால் மீண்டும் மூன்றாம் வடிவமே வரும்.

இந்த நான்கையும் ஒரு நீண்ட தொடரில் சோதித்துப் பார்ப்போம். தைப்பூச நாளில் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையைப் பற்றி 'தி ரோட் மே ஹேவ் பீன் குளோஸ்ட்' என்று ஒருவர் சொல்கிறார். சாலை மூடப்பட்டிருக்கலாம் என்பது பொருள். 'மே' அடிவடிவத்தைக் கேட்பதால் 'ஹேவ்' வந்தது. எழுவாய் ஒருமையாக இருந்தும் 'ஹேஸ்' வரவில்லை. 'ஹேவ்' மூன்றாம் வடிவத்தைக் கேட்பதால் 'பீன்' வந்தது. 'பீன்' இங்கே செயப்பாட்டைக் காட்டுவதால் 'குளோஸ்ட்' என்னும் மூன்றாம் வடிவம் வந்தது. ஒரு தொடர்வண்டியின் பெட்டிகளைப் போல ஒவ்வொரு சொல்லும் தனக்குப் பின்னால் உள்ளதை மட்டுமே பிணைத்திருக்கிறது. எனவே எவ்வளவு நீளமான தொடரையும் இரண்டிரண்டு சொற்களாகப் பிரித்துச் சரிபார்க்க முடியும்.

வரிசையும் மாறாதது. 'மே', 'வில்' போன்றவை முதலில், அடுத்து 'ஹேவ்', அடுத்து நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் 'பீ', கடைசியில் செயப்பாட்டின் 'பீ', பிறகு முதன்மை வினை. எல்லா இடமும் நிரம்ப வேண்டும் என்பதில்லை, ஆனால் நிரம்பும் இடங்கள் இந்த முறையில்தான் நிரம்பும்.

இப்போது நம்மிடையே அடிக்கடி காணும் பிழைகளை அதே விதிகளில் வைத்துப் பாருங்கள். 'ஹீ கேன் டிரைவ்ஸ்' என்பதில் 'கேன்' கேட்ட அடிவடிவம் இல்லை. 'ஐ மஸ்ட் டு கோ' என்பதில் தேவையற்ற 'டு' நுழைந்துவிட்டது. 'ஷீ ஹேஸ் வென்ட்' என்பதில் மூன்றாம் வடிவமான 'கான்' வர வேண்டிய இடத்தில் இரண்டாம் வடிவம் வந்துவிட்டது. 'தே ஆர் கோ' என்பதில் 'இங்' விடுபட்டது. இந்த நான்கும் நான்கு தனித்தனிப் பிழைகளாகத் தோன்றினாலும், அடுத்த சொல்லைத் துணைவினை ஆள்கிறது என்னும் ஒரே நியதியை மீறியவையே.

மூன்றாம் படி: மறுப்பதும் கேட்பதும்

மறுக்க வேண்டுமானால் முதல் துணைவினையை அடுத்து 'நாட்' சேருங்கள். கேட்க வேண்டுமானால் முதல் துணைவினையை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவாருங்கள். 'தி ஃபெரி ஹேஸ் லெஃப்ட்', 'தி ஃபெரி ஹேஸ் நாட் லெஃப்ட்', 'ஹேஸ் தி ஃபெரி லெஃப்ட்?' என்னும் மூன்றிலும் 'லெஃப்ட்' அசையாமல் நிற்கிறது. வேலை முழுவதும் 'ஹேஸ்' செய்கிறது. துணைவினைகள் மூன்றாகவே இருந்தாலும் நகர்வது முதலாவது மட்டும்தான்: 'குட் தி ரோட் ஹேவ் பீன் குளோஸ்ட்?'

வாக்கியத்தில் துணைவினையே இல்லையென்றால் என்ன செய்வது? 'ஷீ ஒர்க்ஸ் இன் பட்டர்வொர்த்' என்னும் வாக்கியத்தில் நகர்த்துவதற்கு ஒன்றும் இல்லை. அங்கேதான் 'டூ' வருகிறது: 'டஸ் ஷீ ஒர்க் இன் பட்டர்வொர்த்?', 'ஷீ டஸ் நாட் ஒர்க் இன் பட்டர்வொர்த்.' ஆங்கிலத்தில் இது எக்காலத்தும் இருந்த வழக்கம் அன்று. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், தம்பி எங்கே என்று கேட்கப்பட்ட காயீன் 'ஐ நோ நாட்' என்றுதான் பதில் சொல்கிறான். இன்றைய ஆங்கிலத்தில் அதே பதில் 'ஐ டூ நாட் நோ' என்று ஆகிவிட்டது.

'டூ' வந்தவுடன் காலத்தையும் ஆளையும் அது எடுத்துக்கொள்கிறது. முதன்மை வினை வெறும் அடிவடிவத்துக்குத் திரும்புகிறது. 'ஒர்க்ஸ்' என்பதில் இருந்த கடைசி ஒலி 'டஸ்' என்பதற்குள் போய்விட்டது; 'வென்ட்' என்பதில் இருந்த இறந்தகாலம் 'டிட்' என்பதற்குள் போய்விட்டது. ஆகவே 'டிட் யூ வென்ட்?' என்பதும் 'ஐ டிட் நாட் வென்ட்' என்பதும் ஒரே காலத்தை இருமுறை சொல்லும் பிழைகள்.

இதை நினைவில் வைக்கத் தமிழே வழி காட்டுகிறது. 'போனேன்' என்பதை மறுக்கும்போது நாம் 'போனவில்லை' என்று சொல்வதில்லை; 'போகவில்லை' என்கிறோம். 'போக' என்பதில் காலம் இல்லை, ஆள் இல்லை. 'இல்லை' வந்தவுடன் முதன்மை வினை தன் விகுதிகளைக் களைந்துவிடுகிறது. 'டிட் நாட் கோ' என்பதிலும் அதேதான் நடக்கிறது. 'போனவில்லை' என்பது காதுக்கு எவ்வளவு கரடுமுரடாக ஒலிக்கிறதோ, அவ்வளவு கரடுமுரடாக 'டிட் நாட் வென்ட்' என்பது ஆங்கிலம் பழகிய காதுக்கு ஒலிக்கும்.

'எங்கே', 'எப்போது', 'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளிலும் அதே நகர்வு உண்டு. 'வேர் யூ ஆர் கோயிங்?' என்பது தவறு. 'வேர் ஆர் யூ கோயிங்?' என்பதே சரி. ஆனால் ஒரு கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் நகர்த்தக் கூடாது: 'டூ யூ நோ வேர் தி ஜெட்டி இஸ்?' என்பதில் கேள்வியின் நகர்வு முன்பகுதியிலேயே முடிந்துவிட்டது. 'யார் வந்தார்?' என எழுவாயையே கேட்கும் கேள்விக்கும் 'டூ' வேண்டியதில்லை, 'ஹூ கேம்?' என்றால் போதும்.

குறுமறுமொழியில் தமிழும் ஆங்கிலமும் பிரிகின்றன. 'சாப்பிட்டீர்களா?' என்றால் நாம் 'சாப்பிட்டேன்' என்று முதன்மை வினையைத் திருப்பிச் சொல்கிறோம். ஆங்கிலம் துணைவினையைத் திருப்பிச் சொல்கிறது: 'ஹேவ் யூ ஈட்டன்?' என்றால் 'யெஸ், ஐ ஹேவ்.' கேள்வி எந்தத் துணைவினையில் தொடங்கியதோ, பதில் பெரும்பாலும் அதிலேயே முடியும். இதைவிடச் சிக்கலானது எதிர்மறைக் கேள்வி. 'இன்னும் சாப்பிடவில்லையா?' என்று கேட்டால் தமிழில் 'ஆமாம், சாப்பிடவில்லை' என்கிறோம். கேட்டவரின் ஊகத்துக்கு இசைவு தெரிவிக்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹேவன்ட் யூ ஈட்டன்?' என்றால், சாப்பிடாதவர் 'நோ, ஐ ஹேவன்ட்' என்றே சொல்ல வேண்டும். 'யெஸ்' என்று மட்டும் சொன்னால் சாப்பிட்டாயிற்று என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. மருத்துவமனையில் 'மருந்து இன்னும் எடுக்கவில்லையா?' என்று தாதி ஆங்கிலத்தில் கேட்கும்போது இந்த வேறுபாடு சிறியதாக இராது.

வாக்கியத்தின் வாலில் வரும் 'அல்லவா' என்பதும் அப்படியே. தமிழில் எந்த வாக்கியத்துக்கும் 'அல்லவா', 'இல்லையா' என்று ஒன்றே ஒட்டும். அதனால்தான் நம் ஊரில் 'ஹீ கேன் டிரைவ், இஸின்ட் இட்?' என்று சொல்லிப் பழகிவிட்டோம். எழுத்து ஆங்கிலத்தில் முதல் துணைவினையே திரும்பி வரும்: 'ஹீ கேன் டிரைவ், கான்ட் ஹீ?', 'ஷீ ஹேஸ் லெஃப்ட், ஹேஸின்ட் ஷீ?', துணைவினை இல்லாத இடத்தில் 'தே லிவ் இன் ஜெலுத்தோங், டோன்ட் தே?' முன்பகுதி உடன்பாடாக இருந்தால் வால் எதிர்மறை. முன்பகுதி எதிர்மறையாக இருந்தால் வால் உடன்பாடு.

நான்காம் படி: காலத்தை நுட்பமாகக் காட்டுதல்

'ஹேவ்' என்னும் துணைவினையே மலேசிய ஆங்கிலத்தில் மிகுதியாகக் காணாமல் போவது. மலாயின் 'சூடா' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, 'ஐ ஈட் ஆல்ரெடி' என்று வந்துவிடுகிறது. கடைத்தெருவில் நண்பர்களிடையே இது யாருக்கும் விளங்கும். அங்கே அதைத் திருத்த வேண்டிய அவசியமும் இல்லை. தேர்வுத் தாளிலும் வேலை விண்ணப்பத்திலும் 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்று எழுத வேண்டும்.

ஒரே நிகழ்வைக் கொண்டு வேறுபாட்டைப் பார்ப்போம். 'யுனெஸ்கோ லிஸ்டெட் ஜார்ஜ்டவுன் இன் 2008' என்பது, அவ்வாண்டில் நடந்து முடிந்த ஒரு செயலைச் சொல்கிறது. காலம் குறிப்பிடப்பட்டுவிட்டதால் துணைவினைக்கு வேலை இல்லை. 'ஜார்ஜ்டவுன் ஹேஸ் பீன் எ வேர்ல்ட் ஹெரிடேஜ் சைட் சின்ஸ் 2008' என்பது, அன்று தொடங்கி இன்றுவரை நீடிக்கும் நிலையைச் சொல்கிறது. 'ஹேஸ்' என்பது நிகழ்கால வடிவம். எனவே இறந்தகாலத்தில் தொடங்கிய ஒன்றை இன்றோடு இணைக்கும் வேலைக்கு மட்டுமே அது வரும். 'நேற்று', 'போன வாரம்', '1985-இல்' என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்ட வாக்கியத்தில் அதற்கு இடம் இல்லை. தமிழில் 'நேற்றே பார்த்திருக்கிறேன்' என்று இயல்பாகச் சொல்வதால், 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்று எழுதத் தோன்றும். 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' என்பதே சரி.

எதிர்த்திசையிலும் ஒரு சறுக்கல் உண்டு. '2010 முதல் இங்கே வசிக்கிறேன்' என்பதைத் தமிழின் நிகழ்காலத்தை அப்படியே வைத்து 'ஐ ஏம் லிவிங் ஹியர் சின்ஸ் 2010' என்று எழுதுகிறோம். தொடங்கிய ஆண்டைச் சொல்லி இன்றுவரை இழுப்பதால் 'ஹேவ்' கட்டாயம்: 'ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் சின்ஸ் 2010.' இதே 'ஏம்', 'இஸ்' மிகுதியாகப் புழங்கும் இன்னோர் இடம், செயல் அல்லாமல் நிலையைக் குறிக்கும் வினைகள். தெரிதல், உரிமை, விருப்பம் ஆகியவை நடந்துகொண்டிருக்கும் செயல்கள் அல்ல. எனவே 'ஐ ஏம் நோயிங்' என்பதும் 'ஐ ஏம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பதும் ஆகா.

செயப்பாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தமிழில் 'படு' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'பீ' குடும்பம் செய்கிறது. 'தி பினாங்கு பிரிட்ஜ் வாஸ் ஓபன்ட் இன் 1985' என்றால் பாலம் 1985-இல் திறக்கப்பட்டது. 'தி செகண்ட் பிரிட்ஜ் வாஸ் ஓபன்ட் இன் 2014' என்பதும் அப்படியே. 'வாஸ்' விடுபட்டால், பாலமே வேறு எதையோ திறந்தது போலவோ தானே திறந்துகொண்டது போலவோ வாக்கியம் மாறிவிடும்.

ஐந்தாம் படி: வேண்டும், முடியும், லாம்

மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுவே. காலத்தில் தவறினால் வாக்கியம் பிழையாகும்; இங்கே தவறினால் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே நின்று, நாம் சொல்ல நினைக்காத ஒன்றைச் சொல்லிவிடும்.

'வேண்டும்' என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 'நீங்கள் படிவத்தை நிரப்ப வேண்டும்' என்னும் தமிழ் வாக்கியம் கட்டளையாகவும் இருக்கலாம், விதியாகவும் இருக்கலாம், அறிவுரையாகவும் இருக்கலாம். குரலும் சூழலும் அதைத் தெளிவாக்கும். ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கிறது. சொல்பவரின் உறுதி மிகுந்த கட்டாயத்துக்கு 'மஸ்ட்', வெளியிலிருந்து வரும் விதிக்கு 'ஹேவ் டு', அறிவுரைக்கு 'ஷுட்' என்பது பொதுவான நெறி. 'ஹேவ் டு' என்பதில் 'ஹேவ்' துணைவினையைப் போல நகராது. கேள்விக்கு 'டூ ஐ ஹேவ் டு சைன்?' என்று 'டூ' வர வேண்டும். 'மஸ்ட்' என்பதற்கு இறந்தகாலம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதுவே ஓர் இறந்தகால வடிவமாக இருந்தது. அதனால் 'நேற்று போக வேண்டியிருந்தது' என்பதற்கு 'ஐ ஹேட் டு கோ யெஸ்டர்டே' என்கிறோம்.

மறுப்பில் ஆபத்து கூடுகிறது. 'மஸ்ட் நாட்' என்றால் கூடாது. 'டோன்ட் ஹேவ் டு' என்றால் வேண்டியதில்லை. மலாயில் முன்னதற்குத் 'தாக் போலே', பின்னதற்குத் 'தாக் பாயா' என்று சொல்லும் நாம், ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் கலந்துவிடுகிறோம். கோயில் வாசலில் 'யூ மஸ்ட் நாட் வேர் ஷூஸ் இன்சைட்' என்பது தடை. 'யூ டோன்ட் ஹேவ் டு பை எ டிக்கெட்' என்பது சலுகை. தொழிற்சாலையில் ஒரு விசையைத் தொடவே கூடாது என்று எழுத வேண்டியவர் 'யூ டோன்ட் ஹேவ் டு டச் திஸ் ஸ்விட்ச்' என்று எழுதிவிட்டால், விரும்பினால் தொடலாம் என்று படிப்பவர் புரிந்துகொள்வார்.

தமிழில் 'அவர் வந்திருக்க வேண்டும்' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு, வந்துதான் இருப்பார் என்று ஊகிப்பது ஒன்று. கூட்டம் முடிந்த பிறகு, வர வேண்டியவர் வராமல் போனாரே என்று குறைப்படுவது மற்றொன்று. ஆங்கிலம் ஊகத்துக்கு 'ஹீ மஸ்ட் ஹேவ் கம்' என்றும், நடக்காமல் போன கடமைக்கு 'ஹீ ஷுட் ஹேவ் கம்' என்றும் வேறு வேறு துணைவினையைத் தேர்கிறது. முதலாவதில் அவர் வந்திருக்கிறார். இரண்டாவதில் அவர் வரவில்லை. உண்மை நிலவரம் முழுவதும் ஒரு துணைவினையைப் பொறுத்து மாறுவதால், இதை எழுதும் முன் 'வந்தாரா, வரவில்லையா?' என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

'லாம்' என்னும் விகுதியும் பல வேலை செய்கிறது. 'நீங்கள் போகலாம்' என்று அனுமதி தந்தால் 'யூ மே கோ' அல்லது 'யூ கேன் கோ'. 'மழை வரலாம்' என்று வாய்ப்பைச் சொன்னால் 'இட் மே ரெய்ன்' அல்லது 'இட் மைட் ரெய்ன்'. இங்கே 'கேன்' பொருந்தாது. 'போகலாமா?' என்று கூட இருப்பவரை அழைத்தால் 'ஷல் வீ கோ?'

'முடியும்' என்பதற்குக் 'கேன்' பெரும்பாலும் போதும். இறந்தகாலத்தில் மட்டும் கவனம் தேவை. பொதுவாக இருந்த திறமைக்குக் 'குட்' வரும்: 'ஐ குட் ஸ்விம் வென் ஐ வாஸ் சிக்ஸ்.' ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு செயலைச் செய்து முடிக்க முடிந்தது என்றால் 'வீ வேர் ஏபிள் டு கேட்ச் தி லாஸ்ட் ஃபெரி' என்பதே பொருந்தும். முடியவில்லை என்றால் 'குடின்ட்' தாராளமாக வரலாம். அத்தோடு, தமிழில் கோபத்தில் சொல்லும் 'முடியாது' என்பது இயலாமை அன்று, மறுப்பு. அதை ஆங்கிலத்தில் 'ஐ வோன்ட்' என்று சொல்ல வேண்டும். 'ஐ கான்ட்' என்றால் மனமிருந்தும் இயலவில்லை என்றே பொருள்படும்.

பணிவுக்கும் இக்கூட்டமே வாயில். தமிழில் 'கொடு' என்பதைக் 'கொடுங்கள்' என்று மாற்றினால் மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒரே 'யூ' தான். மரியாதையைத் துணைவினை சுமக்கிறது. நண்பரிடம் 'கேன் யூ செண்ட் மீ தி ஃபைல்?' என்று கேட்கலாம். மேலாளரிடமோ அரசு அலுவலரிடமோ 'குட் யூ' அல்லது 'வுட் யூ' என்று தொடங்க வேண்டும். காலத்தில் ஓரடி பின்வாங்கும் வடிவம் இங்கே கேட்பவருக்கு மறுக்கவும் இடம் விட்டு நிற்கிறது. அனுமதி கேட்க 'மே ஐ' இன்னும் முறையானது. தெருவோரக் கடையில் 'கேன் ஆர் நாட்?' என்று கேட்பது இந்த மண்ணின் வழக்கு, அதில் குறை ஒன்றும் இல்லை. அலுவலகக் கடிதத்தில் அதே கேள்வி அதட்டலாகப் படிக்கப்படும்.

ஆனால் பணிவுக்காகக் கற்ற 'வுட்' எல்லா இடத்திலும் பரவிவிடுவது மலேசிய அலுவலக ஆங்கிலத்தில் அடிக்கடி காணும் குறை. 'தி மீட்டிங் வுட் பீ ஹெல்ட் ஆன் மண்டே' என்று அறிவிப்பு வந்தால், ஏதோ ஒரு நிபந்தனை நிறைவேறினால் நடக்கும் என்று படிப்பவர் எண்ண நேரும். முடிவான ஒன்றை 'தி மீட்டிங் வில் பீ ஹெல்ட்' என்று எழுதுங்கள். 'வுட்' வரும் இடங்கள் வேறு: பிறர் சொன்னதை எடுத்துரைக்கும்போது 'ஹீ செட் தட் ஹீ வுட் கம்', உண்மையில் இல்லாத நிலையைக் கற்பனை செய்யும்போது 'இஃப் ஐ வேர் ஃப்ரீ, ஐ வுட் கம்.' தமிழில் 'ஓய்வாக இருந்தால் வருவேன்' என்னும் ஒரே வாக்கியம், ஓய்வு கிடைக்கக்கூடும் என்ற நிலைக்கும் கிடைக்காது என்ற நிலைக்கும் பொருந்தும். வர வாய்ப்பு உண்டு என்றால் 'இஃப் ஐ ஏம் ஃப்ரீ, ஐ வில் கம்' என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வாக்குறுதி மறுப்பாகக் கேட்கும்.

ஆறாம் படி: சுருக்கங்களைப் பிரித்தறிதல்

பேச்சில் துணைவினை எழுவாயோடு ஒட்டிக்கொண்டு ஓரிரு எழுத்தாகச் சுருங்கிவிடும். 'ஹீஸ்' என்பது 'ஹீ இஸ்' ஆகவும் இருக்கலாம், 'ஹீ ஹேஸ்' ஆகவும் இருக்கலாம். 'ஐட்' என்பது 'ஐ ஹேட்' ஆகவும் 'ஐ வுட்' ஆகவும் இருக்கலாம். இரண்டாம் படியில் கண்ட நியதியே இங்கும் விடை தருகிறது. அடுத்த சொல்லைப் பாருங்கள். 'ஹீஸ் கோயிங்' என்றால் 'இஸ்'. 'ஹீஸ் கான் ஹோம்' என்றால் பெரும்பாலும் 'ஹேஸ்'. 'ஐட் கோ' என்றால் அடிவடிவம் வந்திருப்பதால் 'வுட்'. 'ஐட் கான்' என்றால் மூன்றாம் வடிவம் வந்திருப்பதால் 'ஹேட்'. 'ஐட் பெட்டர் கோ' மட்டும் விலக்கு. அது 'ஹேட் பெட்டர்'. முறையான கடிதத்தில் சுருக்கங்களை விரித்து எழுதுவதே நல்லது.

பயிற்சி செய்யும் முறை

ஆங்கில நாளிதழிலிருந்தோ பள்ளியிலிருந்து வரும் ஓர் அறிக்கையிலிருந்தோ ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் முதல் துணைவினையைக் கோடிடுங்கள்; இல்லாத இடத்தில் ஓரத்தில் 'டூ', 'டஸ்', 'டிட்' ஆகியவற்றுள் பொருந்துவதை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் மறுப்பாகவும், கேள்வியாகவும், வால்கேள்வியாகவும் மாற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியங்கள் போதும். நிறையச் செய்து நிறுத்திவிடுவதைக் காட்டிலும் சிறிதளவு தொடர்ந்து செய்வது பயன் தரும். பிள்ளைகளோடு செய்வதாக இருந்தால், ஒருவர் வாக்கியத்தைச் சொல்ல மற்றவர் குறுமறுமொழி மட்டும் சொல்லும்படி வைத்துக்கொள்ளலாம். உணவு மேசையிலேயே இதை நடத்திவிட முடியும்.

சொந்தமாக எழுதிய மின்னஞ்சலை அனுப்பும் முன் மூன்று சுற்று வாசியுங்கள். முதல் சுற்றில், ஒவ்வொரு துணைவினைக்கும் அடுத்த சொல் அது கேட்கும் வடிவத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் சுற்றில், 'நேற்று', 'போன மாதம்' போன்ற முடிந்த காலத்தோடு 'ஹேவ்' சேர்ந்திருக்கிறதா என்றும், 'சின்ஸ்' உள்ள இடத்தில் 'ஹேவ்' விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றாம் சுற்றில் 'வுட்' உள்ள ஒவ்வோர் இடத்திலும் நின்று, அது வேண்டுகோளா, எடுத்துரைப்பா, கற்பனையா என்று கேளுங்கள். இம்மூன்றில் எதுவும் இல்லையென்றால் 'வில்' என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள்.